கள்ளக்கடல் வந்த திங்கட்கிழமை

நெடுந்துறையில் ஊருக்கும் கடலுக்கும் நடுவே ஒரு செபவீடு இருந்தது. மதர் அனஸ்தாசியா அதில் தனியாக இருந்தார். முப்பதைத் தாண்டிச் சில வருடங்கள்தான் ஆகியிருக்கும். ஆனாலும் நரைத்த மீசைக்காரர்கள்கூட அவரை மதர் என்றே கூப்பிட்டார்கள்.

அவருக்குச் சீடர் ஒரே ஒருவர்தான். சூசை. மதரைவிட இருபது வயது மூத்தவர். மனைவி இறந்தபின் படகைத் தம்பி மனுவேலிடம் விட்டுவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தவர். காலையில் செபம், பிறகு கத்தரிச் செடிக்குத் தண்ணீர், மாலையில் ஒரு கேள்வி. கேள்விக்கு மதர் பதில் சொல்வார். சில நாள் பதிலுக்குப் பதிலாக ஏதாவது வேலை சொல்வார்.

புயல் அடித்து ஓய்ந்தபின் சூசை கேள்வி எதுவும் கேட்கவில்லை. மனுவேல் போன படகு திரும்பவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. வெறும் பெட்டியை வைத்துப் பூசை முடித்தார்கள்.

பூசை முடிந்த மறுநாள் சூசை மதர் முன்னால் வந்து நின்றார்.

“மதர், என் தம்பியைக் கொன்னது கடலா, காத்தா?”

“தெரிஞ்சா என்ன செய்வீங்க அண்ணே?”

“அதோட பேச்சை விட்டுடுவேன். செத்தாலும் அது முகத்துல முழிக்க மாட்டேன்.”

“காத்தோட பேச்சை விடலாம். மூச்சு விடணுமே.”

சூசை சிரிக்கவில்லை. மதர் உள்ளே போய் ஒரு அலுமினியத் தட்டை எடுத்து வந்தார்.

“இதுல கொஞ்சம் கடல் தண்ணி மொண்டு வந்து வெயில்ல வைங்க.”

சூசை அப்படியே செய்தார். தண்ணீர் வற்றியபின் மதர் தட்டைக் கையில் எடுத்துக் காட்டினார். அடியில் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது.

“இதுல இருந்த கடல் எங்க?”

“காத்து கொண்டு போச்சு.”

“உப்பை ஏன் விட்டுட்டுப் போச்சு?”

“அதுக்கு எதுக்கு உப்பு? தண்ணிதானே வேணும்.”

“தண்ணி மட்டும்தான் போச்சா?”

சூசைக்குப் புரியவில்லை. மதர் அவர் தோளில் கிடந்த துண்டை வாங்கி வாளியில் முக்கி, பிழியாமல் அவர் முதுகில் போட்டார். கடலிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. சூசையின் உடம்பு சிலிர்த்தது.

“குளிருதா?”

“குளிராம?”

“உங்க சூடு எங்க போச்சு?”

“அதையும் காத்துதான் கொண்டு போச்சு.”

“துண்டு நனையாம இருந்தா?”

“இவ்வளவு போகாது.” சூசை கொஞ்சம் யோசித்தார். “தண்ணி போகும்போது சூட்டையும் சேர்த்துக் கட்டிக்கிட்டுப் போகுது போல.”

“கட்டிக்கிட்டுப் போன மூட்டையை எங்க இறக்கும்?”

“தெரியலியே மதர்.”

“உக்காருங்க,” என்றார் மதர். “ஒரு வீட்டுல ரெண்டு ஓரகத்திங்க இருந்தாங்க.”

சூசை மணலில் உட்கார்ந்தார்.

“மூத்தவளுக்குக் கால் கிடையாது. இருந்த இடத்தை விட்டு நகர மாட்டா. ஆனா வயிறு பெரிசு. வெயில் காலம் முழுக்க அடிக்கிற வெயிலையெல்லாம் வாங்கி வயித்துக்குள்ள வச்சுக்குவா. லேசுல சூடாக மாட்டா. சூடாயிட்டா லேசுல ஆற மாட்டா. இளையவளுக்கு வயிறே கிடையாது. கால் மட்டும்தான். எதையும் வச்சுக்கத் தெரியாது. பகல்ல கொதிப்பா, ராத்திரியில விறைப்பா, எந்நேரமும் ஓடிக்கிட்டே இருப்பா.”

“எங்க வீட்டுலயும் அப்படித்தான் ரெண்டு பேர் இருந்தாங்க,” என்றார் சூசை.

“மூத்தவ தண்ணியைச் சுமையா ஏத்திவிடுவா. அதுக்குள்ள வெயிலையும் முடிஞ்சு வச்சிருப்பா, முந்தானையில முடியிற மாதிரி. இளையவ அதைத் தூக்கிக்கிட்டு மேல மேல ஏறுவா. உச்சியில குளிரு. கை விறைச்சுப் போய்ச் சுமையைக் கொட்டிடுவா. கீழ இருக்கறவங்களுக்கு அது மழை. கொட்டும்போது முடிச்சு அவிழும். உள்ள இருந்த வெயில் வெளிய வந்து அவ உடம்புல ஏறும். இன்னும் வேகமா மேல போவா. அவ விட்டுட்டுப் போன இடம் சும்மா கிடக்குமா?”

“கிடக்காது. சுத்தி இருக்கற காத்து ஓடி வரும்.”

“எது மேல ஓடி வரும்?”

“கடல் மேலதான்... அட. அதுவும் வர்ற வழியில சுமை ஏத்திக்கிட்டு வரும்.”

“ஏத்திக்கிட்டு வரும். அதுவும் மேல ஏறும். அதுவும் கொட்டும்.”

“இதை நிறுத்த ஆளே கிடையாதா மதர்?”

“நல்ல வருஷத்துல மூத்தவ அளந்து கொடுப்பா. இவளும் அளவோட ஓடுவா. நாம ஐப்பசி மழைன்னு சொல்லிக் குடையைத் தேடுவோம். மூத்தவ வயிறு ரொம்பச் சுட்டுப்போன வருஷத்துல அவளுக்கு அளந்து கொடுக்க முடியாது. அள்ளி அள்ளிக் கொடுப்பா. இவ தலை சுத்துற மாதிரி சுத்த ஆரம்பிச்சிடுவா.”

“அதுதான் புயல்.”

“அதுதான். ஆடுற ஆட்டத்துல மூத்தவளையே மிதிச்சுக் கலக்கி, அடியில கிடக்கற குளிர்ந்த தண்ணியை மேல கொண்டாந்துடுவா. அடுப்புல தண்ணி ஊத்தின மாதிரி ஆயிடும். இல்லேன்னா தரைமேல ஏறுவா. அங்க சுமை ஏத்திவிட மூத்தவ கிடையாது. எப்படியோ சோர்ந்து விழுந்துடுவா.”

சூசை நனைந்த துண்டை முதுகிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“இந்த வருஷம் கடல் ஆறவே இல்ல மதர். விடியக்காலையில கால் வச்சா வடிச்ச கஞ்சி மாதிரி வெதுவெதுன்னு இருந்துச்சு. நாங்க சின்னப் பயலுகளா இருந்தப்ப இப்படிக் கிடையாது. பல்லு கிட்டிக்கும். இப்ப வருஷத்துக்கு வருஷம் சுடுது. மனுவேலும் சொன்னான்.”

“யார்கிட்ட சொன்னாரு?”

“என்கிட்டதான்.”

மதர் அதற்குமேல் அதைக் கேட்கவில்லை.

“இப்ப நீங்க சொல்லுங்க அண்ணே. குத்தம் மூத்தவளோடதா, இளையவளோடதா?”

சூசை மணலைக் கிளறிக்கொண்டே சொன்னார்.

“ரெண்டு பேரோடதும் இல்ல. மூணாவதா ஒருத்தி இருக்கா.”

“யாரு?”

“என் தம்பி பெண்டாட்டி.”

கித்தேரிக்குப் பெண்குழந்தை பிறந்து இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை. நெடுந்துறையில் பிள்ளை பெற்றவள் நாற்பது நாளைக்கு ஈரமணலில் கால் வைக்கக்கூடாது. வைத்தால் கடல் பொங்கும் என்பார்கள். படகுகள் கடலுக்குப் போன புதன்கிழமை காலையில் அவள் அலையோரம் குந்தி, குழந்தையின் துணியை அலசியதைப் பலர் பார்த்திருந்தார்கள். அன்று சாயங்காலம் புயல் அடித்தது. அதற்குமேல் யாருக்கும் எதுவும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அவளை ஊரைவிட்டு அனுப்புவதென்று கூட்டம் போட்டு முடிவும் செய்துவிட்டார்கள். ஆனால் நெடுந்துறையில் ஊராகப் பார்த்து ஒருத்தியை வெளியே தள்ள முடியாது. அந்த வீட்டு மூத்த ஆண் முன்னால் வந்து, “இவ எங்க அடுப்பு இல்ல” என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அதன்பின் அவளுக்கு அங்கே யாரும் கதவு திறக்க மாட்டார்கள். கித்தேரிக்குத் தாய் தகப்பன் இல்லை. மனுவேலும் போய்விட்டதால் அந்த வீட்டில் இப்போது மூத்த ஆண் சூசைதான்.

“சொல்லப் போறீங்களா?” என்று கேட்டார் மதர்.

“இன்னிக்குச் சாயங்காலம் கோயிலுக்கு வரச் சொல்லியிருக்காங்க.”

“நான் கேட்டது அது இல்ல.”

சூசை பதில் சொல்வதற்குள் கித்தேரியே வந்துவிட்டாள். தோளில் குழந்தை. கையில் ஒரு பை. தலையில் ஈரக்காற்று படாமல் இறுக்கித் துணி கட்டியிருந்தாள். பச்சை உடம்புக்காரி, நடந்து வந்ததிலேயே மூச்சு வாங்கியது.

சூசை எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அத்தான், நீங்க கோயிலுக்குப் போற வரைக்கும் நான் வீட்டுல காத்துக்கிட்டு இருக்க முடியாது,” என்றாள் அவள். “சொல்றதுன்னா இங்கேயே சொல்லிடுங்க. என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. செவரைப் பார்த்துச் சொல்லாதீங்க.”

“நீ எதுக்குடி அன்னிக்குக் கரைக்குப் போன?”

“தண்ணி இல்ல, போனேன்.”

“வீட்டு வாசல்லயே கிணறு இருக்கு.”

“கிணறு உப்பாயிருச்சு. ஊருக்கே தெரியும். குடிக்க ரெண்டு குடம் தூரத்துலயிருந்து வந்துச்சு, அதைப் பீத்துணிக்கு ஊத்தச் சொல்றீங்களா? கடலும் உப்பு, கிணறும் உப்பு. எங்க அலசினா என்ன?”

“கிணறு எப்படி உப்பாச்சு?” மதர் இடையில் கேட்டார்.

“கள்ளக்கடல் வந்துச்சே மதர். அதுல.”

மதர் குழந்தையை வாங்கிக்கொண்டு அவளை உள்ளே போய் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தூரத்தில் ஊர் ஆட்கள் வருவது தெரிந்தது. சூசை கோயிலுக்கு வருவார் என்று காத்திருந்து பார்த்துவிட்டு, கித்தேரி இந்தப் பக்கம் போனதைக் கேள்விப்பட்டு அவர்களே புறப்பட்டிருந்தார்கள்.

முன்னால் வந்தவர் ஊர்த்தலைவர் கஸ்பார். பின்னால் பத்துப் பதினைந்து பேர். அதில் தெக்லாவும் இருந்தாள். மனுவேல் படகில் கூடப் போனவன் அவள் மகன் ராயன். அவளுக்கும் வெறும் பெட்டிதான் கிடைத்தது.

“மதர், ஸ்தோத்திரம்,” என்றார் கஸ்பார். “நீங்க உள்ள போய்ச் செபம் பண்ணுங்க. இது ஊர் விஷயம்.”

“என் வாசல்ல நிக்கிறீங்க, தலைவரே. வாசல் வரைக்கும் வந்தது எதுவோ அது என் விஷயமும்தான்.”

“நாங்க சூசைகிட்ட ஒரு வார்த்தை வாங்க வந்தோம். வாங்கிக்கிட்டுப் போயிடுவோம்.”

“வாங்கிக்கங்க. அதுக்கு முன்னால எனக்கு ஒண்ணு சொல்லுங்க. கள்ளக்கடல்னா என்ன? நான் மடத்துல படிச்சவ. அங்க இதெல்லாம் சொல்லித் தரல.”

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். “மதருக்குக் கள்ளக்கடல் தெரியலையாம்.”

“காத்தே இல்லாம கடல் மட்டும் ஏறி வரும் மதர்,” என்றார் கஸ்பார். “சத்தம் போடாம வந்து வீட்டுக்குள்ள புகுந்து சாமானைத் தூக்கிட்டுப் போயிடும். அதான் அந்தப் பேரு.”

“போன தடவை எப்ப வந்துச்சு?”

“திங்கட்கிழமை. புயலுக்கு முந்தின திங்கட்கிழமை.”

“அன்னிக்குக் காத்து?”

“சொன்னேனே, காத்தே இல்ல. தென்னை ஓலை ஆடல.”

“காத்து இல்லாம கடல் எழும்புமா?”

“எழும்பாது.”

“அப்ப அன்னிக்குக் காத்து எங்க இருந்துச்சு?”

பின்னால் நின்ற ஒரு கிழவர் மெதுவாகச் சொன்னார்:

“வேற எங்கயோ இருந்திருக்கும். கெழக்க, நெடுந்தூரத்துல. அங்க அடிச்ச அடி இங்க வந்து ஏறியிருக்கு.”

“திங்கட்கிழமையே அங்க அடிச்சுக்கிட்டு இருந்துச்சா?”

“இருந்திருக்கும்.”

“கித்தேரி துணி அலசினது என்னிக்கு?”

கித்தேரியே சொன்னாள்.

“புதன்கிழமை. அதுவரைக்கும் நான் படியிறங்கல. திங்கட்கிழமை நான் பாயில கிடந்தேன். கடல் வாசல் தாண்டி, அடுப்பைத் தாண்டி, பிள்ளையோட தொட்டில் அடி வரைக்கும் வந்துச்சு. நான் கடலுக்குத் தீட்டோட போகல. அதுதான் என் தீட்டுக்குள்ள வந்துச்சு. அதைக் கூப்பிட்டுக் கேளுங்க.”

“நாக்கைப் பாரு,” என்றாள் ஒருத்தி.

“நாக்காவது இருக்கட்டும் எனக்கு. வேற எதை விட்டு வச்சீங்க?”

கஸ்பார் தொண்டையைச் செருமினார். “இதெல்லாம் கணக்குப் பேச்சு. கடலுக்கு முன்கூட்டியே தெரியும். இவ வந்து கால் வைப்பான்னு தெரிஞ்சு அதுக்கு முன்னாலயே கோவத்துல பொங்கியிருக்கும்.”

“தப்பு நடக்கறதுக்கு முன்னாலயே தண்டனையா?” என்றார் மதர். “கடவுளே அவ்வளவு அவசரப்பட மாட்டாரே.”

சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆனால் யாரும் திரும்பிப் போகவில்லை. தெக்லா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“மதர், உங்களுக்குப் பேசத் தெரியும். எனக்குத் தெரியாது. என் பிள்ளை போயிட்டான். நான் யார்கிட்டயாவது கேக்கணும்ல?”

“கேளுங்க அக்கா. கேக்கணும். பச்சை உடம்புக்காரிகிட்ட மட்டும் கேக்காதீங்க.”

“வேற யார்கிட்ட கேக்க? கடல்கிட்டயா? அது பதில் சொல்லுமா?”

“சொல்லிச்சே. திங்கட்கிழமையே சொல்லிச்சு.”

தெக்லா கடலைத் திரும்பிப் பார்த்தாள்.

சூசை மதரைப் பார்த்தார். “மூத்தவளுக்குக் கால் கிடையாதுன்னு சொன்னீங்களே மதர்.”

“கால் கிடையாதுதான். குரல் உண்டு.”

அது என்ன பேச்சு என்று மற்றவர்களுக்கு விளங்கவில்லை. சூசைக்கு விளங்கியது. அவர் முகம் கறுத்தது. மடியிலிருந்து விழுந்து மணலில் கிடந்த துண்டை எடுக்கக் குனிந்தவர் எடுக்காமலே நிமிர்ந்தார்.

“நேரமாகுது சூசை,” என்றார் கஸ்பார். “அந்த நாலு வார்த்தையைச் சொல்லு. போயிடுறோம்.”

“சொல்றேன்,” என்றார் சூசை. “அதுக்கு முன்னால வேற நாலு வார்த்தை இருக்கு. புதன்கிழமை விடியக்காலையில படகுக்காரங்க எல்லாம் கரையில நின்னாங்க. யாரும் ஏறல. ஞாபகம் இருக்கா தலைவரே?”

“அதெல்லாம் இப்ப எதுக்கு?”

“கள்ளக்கடல் வந்து ரெண்டு நாள்தான் ஆவுது, போகலாமான்னு கேட்டாங்க. ஞாயித்துக்கிழமை திருவிழா விருந்து, மீன் வேணும், காத்தே இல்லியே போங்கடான்னு நீங்க சொன்னீங்க.”

“நான் ஒருத்தன்தான் சொன்னேனா?”

“இல்ல. நானும்தான் நின்னேன். மனுவேல் என்கிட்ட வந்தான். அண்ணே, கடல் சுடுது, எனக்கு மனசு சரியில்ல, போகட்டுமான்னு கேட்டான். பிள்ளை பொறந்ததும் பொட்டச்சி ஆயிட்டியாடான்னு நான் கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சுக்கிட்டேதான் ஏறினான். படகை நான்தான் தள்ளிவிட்டேன்.”

கித்தேரி நிலையைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். அதுவரை அவளுக்கு இது தெரியாது. மதர் கையிலிருந்த குழந்தையை வாங்கித் தன் மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

“தெக்லாக்கா,” என்றார் சூசை, “கேக்கணும்னு சொன்னீங்களே. என்கிட்ட கேளுங்க. ராயனும் அந்தப் படகுலதான் இருந்தான்.”

கஸ்பாருக்குப் பொறுமை போய்விட்டது.

“ஒப்பாரி போதும். இவ உங்க அடுப்பா இல்லையா? ஒரே வார்த்தை.”

சூசை திரும்பினார். சுவரைப் பார்க்கவில்லை. கித்தேரியின் முகத்தைப் பார்த்தார்.

“இவ எங்க அடுப்பு,” என்றார்.

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. கஸ்பார் கையை உயர்த்தி அடக்கினார்.

“யோசிச்சுப் பேசு. அப்புறம் நீயும் வெளியதான். உன் வீட்டுக்கு ஊர்ப் பேச்சு கிடையாது. ஊர்த் தண்ணி கிடையாது.”

“உப்புத் தண்ணியைத்தானே தர மாட்டேங்கறீங்க,” என்றாள் கித்தேரி. “வச்சுக்கங்க.”

பின்னால் நின்ற கிழவர் தன்னை மறந்து சிரித்துவிட்டார். கஸ்பார் அவரைத் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். ஆனால் சிரித்தது சிரித்ததுதான்.

“இவங்க மூணு பேரையும் உள்ள வச்சுக்கிட்டு நீங்களும் ஊரை எதுக்கப் போறீங்களா மதர்?” என்றார் கஸ்பார்.

“நான் ஒருத்தரையும் எதுக்கல. இங்கேயே நிக்கிறேன். நீங்கதான் வந்தீங்க.”

“பிஷப்புக்கு எழுதுவோம்.”

“எழுதுங்க. திங்கட்கிழமை கள்ளக்கடல் வந்ததையும் சேர்த்து எழுதுங்க.”

கஸ்பார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பி நடந்தார். ஆட்கள் ஒருவர்பின் ஒருவராக அவர் பின்னால் போனார்கள். முன்பு வந்த வேகம் இல்லை. பாதி வழியில் சிலர் வேறு பாதையில் பிரிந்து போனார்கள்.

தெக்லா மட்டும் போகவில்லை. படி ஏறி வந்து கித்தேரிக்கு முன்னால் நின்றாள். கித்தேரி குழந்தையை இறுக்கிக்கொண்டு ஒரு அடி பின்னால் வைத்தாள். பின்பு அந்த அடியைத் திரும்ப முன்னால் வைத்தாள்.

தெக்லா குழந்தையைப் பார்த்தாள். தொடவில்லை.

“பால் இருக்கா?” என்றாள்.

“இருக்கு.”

“சுறாப்புட்டு சாப்பிடு. இன்னும் ஊறும்.”

அதைச் சொல்லிவிட்டு இறங்கினாள். சூசையைக் கடக்கும்போது நின்றாள்.

“உன்கிட்ட கேப்பேன் சூசை. இன்னிக்கு இல்ல. ஆனா கேப்பேன்.”

“நான் இங்கதான் இருப்பேன்.”

அவளும் போனாள். கரையில் அலை வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. கித்தேரி உள்ளே போய், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, குழந்தைக்குப் பால் கொடுத்தாள். அவள் தோள் நடுங்கிக்கொண்டிருந்தது. குழந்தைக்கு அது தாலாட்டுவதுபோல இருந்திருக்க வேண்டும்; உறிஞ்சிக்கொண்டே தூங்கிவிட்டது.

சூசை வாசலிலேயே நின்றார்.

“மதர்.”

“சொல்லுங்க அண்ணே.”

“கடல் ஆறப்போறது இல்ல. அடுத்த வருஷமும் சுடும். காத்து அதுகிட்ட வாங்கும். மறுபடியும் புயல் வரும்.”

“வரும்.”

“வந்தா ஊரு மறுபடியும் இவளைத் தேடிக்கிட்டு வரும்.”

“அதுவும் வரும்.”

“அப்ப நாங்க என்ன செய்ய?”

மதர் செபவீட்டுக் கதவை இழுத்துப் பார்த்தார். கீல் நன்றாக இருந்தது. தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார், எடுத்தும் பார்த்தார்.

“புயல் வந்தா உள்ள போங்க,” என்றார். “ஊர் வந்தா வெளிய வாங்க.”